எது மூலம்? காப்புரிமை விண்ணப்பமும் திருத்தத்தக்க உரைக்கோப்பும்

வேற்றுமை உருபு மாறினால் பொருள் மாறும் என்று தமிழாசிரியர்கள் ஆண்டுதோறும் வகுப்பில் கற்பிக்கின்றனர். அப்பாடத்திற்கு நல்லதொரு சான்று அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்பொன்றில் கிடைக்கின்றது. மாவுப்பண்டம் செய்யும் முறை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றிருந்த செஃப் அமெரிக்கா என்னும் நிறுவனம், லாம்ப்-வெஸ்டன் என்னும் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. மேற்பூச்சு இடப்பட்ட மாவை ஏறத்தாழ 400 முதல் 850 பாரன்ஹீட் பாகை வரையிலான வெப்பநிலைக்குச் சூடாக்க வேண்டும் என்று அந்தக் காப்புரிமை கூறியது. அவ்வெப்பநிலையில் சூடாக்க வேண்டும் என்பதே கருத்து என்று நிறுவனம் வாதிட்டது. 'வெப்பநிலைக்கு' என்றால் மாவே அந்தச் சூட்டை எட்ட வேண்டும்; எட்டினால் கரிதான் மிஞ்சும். 'வெப்பநிலையில்' என்றால் அடுப்பு அந்தச் சூட்டில் இருந்தால் போதும். மாவு பொன்னிறமாக வெந்து வரும். ஆங்கிலத்தில் ஈரெழுத்துச் சொல் ஒன்றின் இடத்தில் வேறோர் ஈரெழுத்துச் சொல் நின்றுவிட்டது. பொருந்தாத விளைவு வரும் என்றாலும், எழுதப்பட்ட கோரலை நீதிமன்றம் திருத்தி எழுதாது என 2004இல் கூட்டாட்சிச் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எதிர்த்தரப்பு தன் மாவை அந்த வெப்பநிலைக்குச் சூடாக்கவில்லை. ஆகவே உரிமை மீறலும் இல்லை என்றாயிற்று.

இதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 2001இல், அதே நீதிமன்றத்தில் கணப்பு அடுப்பு பற்றிய வழக்கொன்று முடிந்தது. அதில் சிக்கல் பன்மை விகுதியால் வந்தது. 'பின்சுவர்கள்' என்று காப்புரிமையில் அச்சாகியிருந்ததை உரிமையாளர் 'பின்சுவர்' எனத் திருத்தச் சான்றிதழ் பெற்றிருந்தார். அந்தத் திருத்தம் உரிமையின் எல்லையை விரிக்கின்றது, பிழையும் அதன் சரியான வடிவமும் ஆவணங்களிலிருந்தே தெளிவாகத் தெரியவில்லை என்று கூறி நீதிமன்றம் அச்சான்றிதழைச் செல்லாததாக்கியது. ஆங்கிலத்தில் அது ஒரே ஓர் எழுத்து.

இப்படி எழுத்தெழுத்தாக நிறுத்துப் பார்க்கப்படும் ஓர் ஆவணம், எழுதியவரின் கணினியிலிருந்து அரசு அலுவலகத்தின் கணினிக்கு எந்த வடிவில் சென்று சேர்கின்றது? சென்று சேர்ந்தபின் அது எழுதியவர் எழுதியதாகவே இருக்கின்றதா? இல்லையென்றால் எதை மூலம் என்று கொள்வது? அமெரிக்காவில் 2020 முதல் பல ஆண்டுகள் நடந்த விவாதம் ஒன்றைக் கொண்டு இக்கேள்விகளை நாம் ஆராயலாம். பொருள் சட்டம் சார்ந்ததாகத் தோன்றினும், உள்ளே இருப்பது எழுத்தைப் பற்றிய கேள்வி. தமிழைக் கணினியில் ஏற்றப் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு அது புதிதன்று.

காப்புரிமை விண்ணப்பம் என்பது என்ன?

காப்புரிமை வேறு, பதிப்புரிமை வேறு. கவிதை எழுதியவுடன் பதிப்புரிமை தானாகவே வந்துவிடும். காப்புரிமைக்கோ விண்ணப்பிக்க வேண்டும், அரசு ஆராய வேண்டும், பிறகே கிடைக்கும். கண்டுபிடிப்பாளர் தம் கண்டுபிடிப்பை உலகிற்கு முழுமையாக விளக்கிச் சொல்கின்றார். அதற்கு ஈடாக, பெரும்பாலான நாடுகளில் தாக்கல் செய்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் வரை, பிறர் அதைத் தம் இசைவின்றிச் செய்வதைத் தடுக்கும் உரிமையைப் பெறுகின்றார். விண்ணப்பத்தில் கண்டுபிடிப்பின் விவரிப்பு, உரிமைக்கோரல்கள், சுருக்கம், தேவைப்படின் வரைபடங்கள் ஆகியவை இருக்கும். இவற்றுள் கோரல்களே வேலி. வேலிக்கு உள்ளே இருப்பது உரியவருடையது. வெளியே இருப்பது ஊருக்குப் பொது.

இரண்டு விதிகளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் பின்வருவன எளிதில் விளங்கும். முதலாவது, தாக்கல் நாள் மிகப் பெரிய மதிப்புடையது. தொலைபேசிக்காக அலெக்சாண்டர் கிரகாம் பெல் விண்ணப்பம் தந்த 1876 பிப்ரவரி 14ஆம் நாளன்றே எலிஷா கிரேயும் தம் அறிவிக்கையை அதே அலுவலகத்தில் தந்தார் என்பது வரலாறு. 2013 மார்ச் முதல் அமெரிக்காவும், முதலில் தாக்கல் செய்தவருக்கே முன்னுரிமை என்னும் முறைக்கு வந்துவிட்டது. இரண்டாவது, தாக்கல் செய்தபின் புதிய செய்தி எதையும் விண்ணப்பத்தில் சேர்க்க இயலாது. வகுப்புக் கட்டுரையைப் போல மறுநாள் திருத்திக் கொடுக்க முடியாது. முதல் நாள் உள்ளே சென்றது எதுவோ அதற்குள்தான் பின்னர் எல்லாத் திருத்தமும் நடக்க வேண்டும். ஒரு சமன்பாட்டிலிருந்த மேற்குறி அன்று விழுந்துபோயிருந்தால், அதைத் திரும்பச் சேர்ப்பது 'விழுந்ததை எடுத்து வைப்பது'தான் என்று மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு விண்ணப்பதாரருக்கு வந்துவிடும். மெய்ப்பிக்க இயலாவிட்டால் அது 'புதிய செய்தி' ஆகிவிடும்.

படமாக இருந்த எழுத்து

அமெரிக்கக் காப்புரிமை, வணிகச்சின்ன அலுவலகம் 2006இல் இணையவழித் தாக்கலைப் பரவலாக்கியது. அதன்பின் வழக்கறிஞர்கள் தம் விண்ணப்பத்தைக் கணினியில் தட்டச்சு செய்து, பிடிஎஃப் கோப்பாக்கி அனுப்பினர். பிடிஎஃப் வடிவத்தின் பெருமை நாம் அறிந்ததே. எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரியும். வரி மடங்கும் இடம்கூட மாறாது. அலுவலகம் அந்தப் பக்கங்களை வாங்கி, ஒவ்வொன்றையும் ஒரு படமாக மாற்றி வைத்துக்கொண்டது.

அடுத்து நடந்ததுதான் விந்தை. ஆய்வாளர் அந்த விண்ணப்பத்துக்குள் ஒரு சொல்லைத் தேட வேண்டும். 18 திங்கள் கழித்து அதை வெளியிட வேண்டும். கோரல்களை எண்ண வேண்டும். படத்தில் இவற்றைச் செய்ய இயலாது. ஆகவே எழுத்தறி மென்பொருளைக் கொண்டு படத்திலிருந்து எழுத்தை மீண்டும் 'வாசித்து' எடுத்தனர். எழுதியவரின் கணினியில் எழுத்தாகப் பிறந்தது, வழியில் படமாகி, அலுவலகத்தில் மறுபடியும் எழுத்தாயிற்று. ஏட்டைப் பார்த்து ஏடெழுதுவோர் செய்த பிழைகளை இப்போது எந்திரம் செய்தது. சுழியம் ஆங்கில எழுத்தாகவும், எண் ஒன்று வேறோர் எழுத்தாகவும், கீழ்க்குறி இயல்பான எண்ணாகவும் மாறின. மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாத ஓலைகளைப் படித்துப் பாடபேதம் கண்ட பதிப்பாசிரியர்களின் தொல்லை இங்கே வேறு வடிவில் வந்தது.

இந்தச் சுற்றுவழியை ஒழிக்கவே, உரையை உரையாகவே அனுப்புங்கள் என்று அலுவலகம் கேட்டது. அது தேர்ந்தெடுத்த வடிவம் டாக்எக்ஸ். மைக்ரோசாஃப்ட் வேர்டு மென்பொருளில் நாம் நாள்தோறும் சேமிக்கும் அதே கோப்பு வகை. 2020 ஆகஸ்டில் இறுதி விதி வெளியாயிற்று. விவரிப்பு, கோரல்கள், சுருக்கம் ஆகியவற்றை டாக்எக்ஸ் வடிவில் தராதவர்கள் 400 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்றது அவ்விதி. வடிவமைப்பு, தாவரம் ஆகியவற்றுக்கான விண்ணப்பங்களுக்கும் தற்காலிக விண்ணப்பங்களுக்கும் இக்கட்டணம் இல்லை. வரைபடங்களைப் பிடிஎஃப் கோப்பாகவே தரலாம். 2022 சனவரி 1 முதல் கட்டணம் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. 2023 சனவரிக்கும், பின்னர் ஏப்ரலுக்கும், பின்னர் சூன் இறுதிக்கும் தள்ளிப்போயிற்று. முடிவில் 2024 சனவரி 17இல்தான் நடைமுறைக்கு வந்தது. நான்கு முறை ஒத்திவைக்கும் அளவுக்கு அதில் என்ன இருந்தது?

கோப்புக்குள் என்ன இருக்கின்றது?

மாணவர்கள் இதைத் தாமே செய்து பார்க்கலாம். டாக்எக்ஸ் கோப்பு ஒன்றின் படியை எடுத்து, அதன் பெயரின் இறுதியில் உள்ள 'டாக்எக்ஸ்' என்பதை நீக்கி 'ஜிப்' என்று மாற்றித் திறந்தால், அது ஒரு கோப்பன்று, சிறு சிறு கோப்புகள் அடங்கிய ஒரு பொட்டலம் என்பது தெரியவரும். உரை ஒரு கோப்பில், எழுத்தின் பாணி மற்றொன்றில், பட்டியல் எண்கள் இன்னொன்றில், படங்கள் தனியே. எல்லாம் எக்ஸ்எம்எல் என்னும் குறிமொழியில் எழுதப்பட்டவை. இவ்வடிவம் 2006இல் எக்மா அமைப்பின் தரமாகவும் 2008இல் உலகத் தர அமைப்பின் தரமாகவும் ஏற்கப்பட்டது.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். டாக்எக்ஸ் கோப்பில் 'பக்கம்' என்பதே கிடையாது. பக்கத்தை எப்படிக் கட்ட வேண்டும் என்னும் குறிப்புகள் மட்டுமே உள்ளன. அக்குறிப்புகளைப் படித்துப் பக்கத்தை உருவாக்குவது, கோப்பைத் திறக்கும் மென்பொருள். வேர்டு ஒருவிதமாகக் கட்டும். லிப்ரே ஆஃபீஸ் சற்று வேறுவிதமாகக் கட்டும். அலுவலகத்தின் வழங்கி இன்னொரு விதமாகக் கட்டும். ஒரே சமையல் குறிப்பை மூன்று வீடுகளில் கொடுத்தால் மூன்று குழம்பு வரும். பெரும்பாலும் வேறுபாடு சுவையில் மட்டுமே இருக்கும். சில வேளைகளில் உப்பே விடுபட்டுவிடும்.

கோரல்களின் எண்களை எடுத்துக்கொள்வோம். வேர்டில் '1' என்று தட்டி ஒரு வரி எழுதி மடக்கினால், அடுத்த வரிக்கு '2' தானாகவே வரும். திரையில் நாம் காணும் அந்த '2' உரையில் எழுத்தாக இருப்பதில்லை. எண்ணிச் சேர்க்குமாறு ஒரு கட்டளை மட்டும் இருக்கின்றது. எண்ணுகின்ற மென்பொருள் வேறுவிதமாக எண்ணினால், 'கோரல் 3இல் கூறிய முறைப்படி' என்று தொடங்கும் ஐந்தாம் கோரல் எதைச் சுட்டும்? வேலியின் ஒரு கம்பம் வேறிடத்தில் போய் நிற்கும்.

தானியங்கு திருத்தமும் அப்படியே. ஆங்கிலத்தில் படிநிலைகளை அடைப்புக்குறிக்குள் ஏ, பி, சி என எழுதுவது காப்புரிமை உரைகளில் மிக இயல்பு. மூன்றாவதைத் தட்டியவுடன் வேர்டு அதைப் பதிப்புரிமைச் சின்னமாக மாற்றிவிடும்! உதவி செய்வதாக அதற்கு எண்ணம். சட்ட ஆவணத்துக்கு இத்தகைய உதவி வேண்டியதில்லை.

சமன்பாடுகளில்தான் அச்சம் மிகுதி. வேர்டின் சொந்தச் சமன்பாட்டு வடிவம் ஒன்று. பழைய இணைப்பு மென்பொருள்களின் வடிவம் வேறொன்று. கணிதமும் பொறியியலும் எழுதுவோர் பலர் டெக் என்னும் அச்சுக்கோப்பு முறையையே பயன்படுத்துகின்றனர். அவர்களிடம் இயல்பாகப் பிறப்பது பிடிஎஃப். அதை டாக்எக்ஸ் ஆக்குவது, நெய்த சேலையைப் பிரித்து நூலாக்கி மீண்டும் வேறு தறியில் நெய்வதைப் போன்றது.

இனி, எழுத்துரு. இங்குதான் நம் சொந்த அனுபவம் வழிகாட்டுகின்றது.

தமிழர் அறிந்த தொல்லை

1990களில் தமிழில் மின்னஞ்சல் அனுப்பியவர்களுக்கு நினைவிருக்கும். அனுப்பியவர் ஓர் எழுத்துருவில் எழுதுவார். பெறுபவரிடம் அந்த எழுத்துரு இராது. திரையில் பொருளற்ற உரோமன் எழுத்துகளும் குறிகளும் வரிசையாக வந்து நிற்கும். காரணம், அந்த எழுத்துருக்களில் தமிழ் எழுத்து என்பதே கோப்பில் இல்லை. கோப்பில் இருந்தவை ஆங்கில எழுத்துகளின் எண்கள். அவற்றின்மேல் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருந்தது. போர்வை போனால் உள்ளே இருப்பது வெளியே தெரியும். ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு முறையில் போர்த்தியதால், ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க இயலவில்லை. இக்குழப்பத்திற்கு முடிவு காண 1997 மே திங்களில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாடு விசைப்பலகைக்கும் குறியாக்கத்துக்கும் தரம் வகுத்தது. பின்னர் யூனிகோட் எனப்படும் ஒருங்குறி பரவிய பிறகே, 'அ' என்பது எந்த எழுத்துருவில் இருந்தாலும், எழுத்துருவே இல்லாவிடினும், 'அ' என்னும் எழுத்தாகவே கோப்பில் நிலைபெற்றது. எழுத்து வேறு, அதன் உருவம் வேறு என்னும் பாடத்தை நாம் அப்படித்தான் கற்றோம்.

ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு இப்பாடம் பெரிதும் தேவைப்படவில்லை. ஆனால் அறிவியல் எழுதுவோருக்குத் தேவைப்பட்டது. 'சிம்பல்' என்னும் பழைய எழுத்துரு ஒன்று உண்டு. ஆங்கில 'எம்' விசையைத் தட்டினால் அதில் 'மியூ' என்னும் கிரேக்க எழுத்து தோன்றும். மியூ என்பது மைக்ரோவின் குறி. பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. எழுத்துரு வழியில் தொலைந்து, உள்ளிருந்த 'எம்' வெளிப்பட்டால், அது மில்லியின் குறியாகிவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு. ஐந்து மைக்ரோகிராம் மருந்து ஐந்து மில்லிகிராம் ஆகும். ஆயிரம் மடங்கு! மின்னஞ்சலில் வந்த குழப்பக் குறிகளையாவது பார்த்தவுடன் பிழை என அறியலாம். இந்தப் பிழையோ பிழையாகத் தோற்றமளிக்காது. படிப்பவர் ஐயப்பட எந்தக் காரணமும் இராது. இதனால்தான் அலுவலகம், தான் ஏற்கும் எழுத்துருக்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கின்றது. பட்டியலைப் பின்பற்றுவதைவிட, மியூவை அதற்குரிய ஒருங்குறி எழுத்தாகவே உள்ளிடுவது மேலான காப்பு என்பது நம் கருத்து.

எது மூலம்?

தொடக்கத்தில் அலுவலகம் வகுத்த முறை இது: விண்ணப்பதாரர் டாக்எக்ஸ் கோப்பைத் தருவார், அலுவலகத்தின் கணினி அதிலிருந்து ஒரு பிடிஎஃப் உருவாக்கும், விண்ணப்பதாரர் அதைச் சரிபார்த்து அனுப்ப வேண்டும், அந்தப் பிடிஎஃப்தான் சட்டப்படி மூலம். வழக்கறிஞர்கள் கொதித்தெழுந்ததில் வியப்பில்லை. நூறு பக்க விண்ணப்பத்தில் ஒவ்வொரு கீழ்க்குறியையும் கடைசி நேரத்தில் திரையில் சரிபார்க்க வேண்டும். தவறவிட்டால், எந்திரம் செய்த பிழைக்கு மனிதர் பொறுப்பு. எழுதியவர் கையெழுத்திட்டது ஒன்று, அரசு வைத்துக்கொள்வது வேறொன்று என்னும் நிலை சட்டத்துக்கு அழகன்று.

2021 சூனில் அலுவலகம் நிலையை மாற்றிக்கொண்டது. விண்ணப்பதாரர் தந்த டாக்எக்ஸ் கோப்பே மூலச் சான்று என அறிவித்தது. இது முன்னேற்றம்தான், ஆயினும் சிக்கலைத் தீர்க்கவில்லை. டாக்எக்ஸ் என்பது சமையல் குறிப்பு என்று மேலே சொன்னோம். குறிப்பே மூலம் என்றால், பத்தாண்டு கழித்து நீதிமன்றத்தில் அதை எந்த மென்பொருளில் திறந்து பார்ப்பது? அன்றிருந்த வேர்டு பதிப்பு அப்போது இருக்குமா? எழுதியவர் கண்ட பக்கத்துக்கு என்ன சான்று?

இதற்கு விடையாகவே 'துணைப் பிடிஎஃப்' வந்தது. டாக்எக்ஸ் கோப்புடன், விண்ணப்பதாரர் தாமே உருவாக்கிய பிடிஎஃப் ஒன்றையும் கூடுதல் கட்டணமின்றி இணைத்து அனுப்பலாம். மாற்றத்தின்போது ஏதேனும் சிதைந்திருப்பது பின்னர் தெரியவந்தால், அதைச் சான்றாகக் காட்டித் திருத்தம் வேண்டி மனுச் செய்யலாம். தற்காலிக ஏற்பாடாகத் தொடங்கிய இது, 2023 சூனில் வந்த அறிவிப்பின்படி மறு அறிவிப்பு வரும்வரை தொடர்கின்றது. நம் பார்வையில் இந்த முழு விவகாரத்திலும் மிகப் பயனுள்ள முடிவு இதுவே.

எழுதியவர் கையில் ஒரு படி இருக்க வேண்டும் என்பதன் அருமையை அந்த அலுவலகம் முன்பே நெருப்பில் கற்றிருக்கின்றது. 1836 டிசம்பர் 15ஆம் நாள் வாஷிங்டனில் காப்புரிமை அலுவலகம் இருந்த கட்டடம் எரிந்தது. 1790 முதல் வழங்கப்பட்டிருந்த ஏறத்தாழ 10,000 காப்புரிமைகளின் பதிவுகள் சாம்பலாயின. அடுத்த ஆண்டு இயற்றிய சட்டத்தின்கீழ், கண்டுபிடிப்பாளர்கள் தம்மிடமிருந்த படிகளைக் கொண்டுவந்து கொடுக்க, அவற்றைப் பார்த்துப் பதிவுகளை மீட்டெழுதினர். ஏறத்தாழ 2,800 மட்டுமே மீண்டன. எஞ்சியவற்றுள் பலவற்றைப் பற்றி இன்று பெயரும் நாளும் மட்டும் தெரியும். பொறி எப்படி இயங்கியது என்பது தெரியாது.

கட்டணமும் கழிவும்

உரைக்கோப்பை ஊக்குவிக்க அபராதம்தான் வழியா? உலக அறிவுசார் சொத்து அமைப்பு வேறு வழியில் சென்றது. பல நாடுகளில் காப்புரிமை நாடுவோர் ஒரே விண்ணப்பமாகத் தாக்கல் செய்ய உதவும் காப்புரிமை ஒத்துழைப்பு உடன்பாட்டை அது நடத்துகின்றது. சிங்கப்பூர் 1995இலும் மலேசியா 2006இலும் அதில் இணைந்தன. அதன் கட்டண அட்டவணைப்படி, மின்வடிவில் தாக்கல் செய்யும்போது வேண்டுகைப் படிவம் மட்டும் எழுத்துக்குறி வடிவில் இருந்தால் 200 சுவிஸ் பிராங்கு கழிவு. விவரிப்பு, கோரல்கள், சுருக்கம் ஆகியனவும் அவ்வடிவில் இருந்தால் 300 பிராங்கு கழிவு. வடிவமாற்றத்துக்கு முந்தைய கோப்பையும் உடன் அனுப்பலாம். மாற்றத்தில் பிழை நேர்ந்திருந்தால் அந்த முந்தைய கோப்பைக் கொண்டு திருத்தம் கோரலாம். அமெரிக்காவில் வழக்கறிஞர்கள் போராடிப் பெற்ற காப்பு, இங்கே விதியிலேயே எழுதப்பட்டுள்ளது.

அமெரிக்கக் கட்டணத்திலும் சலுகை உண்டு. நடைமுறைக்கு வந்தபோது சிறு நிறுவனங்களுக்கு 160 டாலர், மிகச் சிறியோருக்கு 80 டாலர் என அமைந்தது. பெருநிறுவனம் கூடுதல் கட்டணத்தைக் கட்டிவிட்டுப் பிடிஎஃப் கோப்பையே தந்துவிடலாம். சிதைவு என்னும் அச்சமும் இல்லை. சொந்தமாக எழுதித் தாக்கல் செய்யும் தனி மனிதரோ, அக்கட்டணத்தைச் சேமிக்க டாக்எக்ஸ் வழியே செல்வார். கோப்புக்குள் என்ன நிகழ்கின்றது என்பதை அறியும் வாய்ப்பும் அவருக்கே குறைவு. கட்டணம் குறைவாக இருக்கலாம். இடர் அப்படிக் குறையவில்லை.

எனினும் உரைவடிவம் தவறான நோக்கம் என்று நாம் கூறவில்லை. எழுத்து எழுத்தாகவே சென்றால், விண்ணப்பத்தைத் தேடலாம். பொருந்தாத கோரல் எண்களை அனுப்புமுன்பே கணினி சுட்டிக்காட்டும். கண்பார்வையற்ற ஆய்வாளருக்குத் திரைவாசிப்பான் அதைப் படித்துக் காட்டும். பிற மொழியில் பெயர்ப்பதும் எளிதாகும். முன்னரே வெளியான கண்டுபிடிப்புகளைத் தேடி எடுப்பதே ஆய்வாளரின் தலையாய பணி என்பதால், எழுத்தறி மென்பொருளின் பிழைகள் அகல்வது பொதுமக்களுக்கும் நன்மை. படமாக வைப்பதில் வேறு நன்மை இல்லை. உருவம் மாறாது என்னும் உறுதி மட்டுமே உண்டு. அந்த உறுதியைத் துணைப் பிடிஎஃப் தந்துவிடுகின்றது. இரண்டும் சேர்ந்தே செல்ல வேண்டும்.

தாக்கலுக்கு முன்

அறிவியல் கண்காட்சிகளில் நம் மாணவர்கள் புதுப்புது கருவிகளைச் செய்கின்றனர். அவர்களுள் சிலர் நாளை விண்ணப்பம் எழுதக்கூடும். எழுதாவிடினும் பல்கலைக்கழக ஆய்வேட்டை இதே வடிவில் தர நேரும். ஆகவே சில நடைமுறைகளைக் கூறிவிடுவோம்.

கோப்பில் கண்ணுக்குத் தெரியாமல் உடன் செல்பவை உண்டு: எழுதியவர் பெயர், ஓரத்தில் இட்ட குறிப்புகள், நீக்கப்பட்டும் நினைவில் நிற்கும் வரிகள். 'இந்தக் கோரல் நிற்குமா என ஐயம்' என்று தோழர் எழுதிய ஓரக்குறிப்பு அலுவலகத்திற்குப் போய்ச் சேர்வதை எவரும் விரும்பமாட்டார். திருத்தங்களை எல்லாம் ஏற்று, குறிப்புகளை நீக்கி, தனிப்பட்ட தகவலைக் களைந்த பின்னரே கோப்பு வெளியேற வேண்டும். தானியங்கு திருத்தத்தை எழுதத் தொடங்குமுன்பே அணைத்துவிடலாம். கோரல் எண்களைத் தானியங்கு முறையில் எண்ணவிட்டால், முடிவில் சுட்டெண்கள் ஒவ்வொன்றையும் விரல்வைத்துச் சரிபார்க்க வேண்டும். சிக்கலான சமன்பாட்டையும் வேதியியல் அமைப்பையும் படமாக இட்டால் சிதைவு குறையும். ஆனால் அவற்றைத் தேட இயலாது. கோரலுக்குள் வரும் சமன்பாடானால் சிதையாமையே முதன்மை.

பிடிஎஃப் கோப்பை எப்போது உருவாக்குவது என்பதும் கருதத்தக்கது. எழுதி முடித்து, எழுதியவர் படித்து ஒப்பிய அதே நிலையில், அதே கணினியில் உருவாக்க வேண்டும். ஒரு வரி மாற்றினாலும் மறுபடியும் உருவாக்க வேண்டும். துணைப் பிடிஎஃப் ஒன்றும் டாக்எக்ஸ் ஒன்றுமாக வேறுபட்டு நின்றால், காப்பாக வந்ததே வழக்காகிவிடும்.

ஆசிரியர்கள் வகுப்பில் செய்து காட்டத்தக்க பயிற்சி ஒன்று உண்டு. தமிழ் உரை, ஓர் அட்டவணை, தானாக எண்ணிடப்பட்ட பட்டியல், ஒரு சமன்பாடு, மியூ போன்ற இரண்டு மூன்று கிரேக்க எழுத்துகள் ஆகியவற்றைக் கொண்ட இரு பக்கக் கோப்பை வேர்டில் எழுதச் செய்து, அதை வேறு இரண்டு மென்பொருள்களில் திறந்து, மூன்றையும் அச்சிட்டு அருகருகே வைத்து மாணவர்களை வேறுபாடு காணச் சொல்லலாம். பக்க எல்லை மாறியிருப்பதை எல்லாரும் உடனே சொல்லிவிடுவர். சமன்பாட்டில் உள்ள மாற்றத்தைச் சிலர் காண்பர். பட்டியல் எண்ணில் மாற்றம் நேர்ந்திருந்தால் அதைக் கண்டுபிடிக்கத்தான் நேரம் பிடிக்கும். அது பிழையாகத் தோன்றாது, இயல்பான எண்ணாகவே தோன்றும்.